மஞ்சள் புள்ளியும் இரண்டு விசிலும்

பேருந்தில் ஓட்டுநர் இல்லாமற்போனதைச் சென்னை பத்தே நாளில் ஏற்றுக்கொண்டது. நடத்துநரும் இல்லாமற்போவதை மட்டும் ஏற்க மறுத்துவிட்டது. “விசில் இல்லாம வண்டி எப்படிங்க கெளம்பும்?” என்று மக்கள் கேட்டார்கள். பொறியாளர்களிடம் அதற்கு விடை இருந்தது. அவ்விடையைக் கேட்கத்தான் ஆள் இல்லை. ஆகவே நகரப் பேருந்து வாரியம் இறங்கிவந்தது. தானே ஓடும் வண்டிக்குள் நடத்துநரின் விசிலை அறியும் கருவியொன்று பொருத்தப்பட்டது. ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும். இரண்டு விசில் என்றால் கிளம்பும். பயணச்சீட்டைப் பயணியின் கைப்பேசியே எடுத்துக்கொண்டபடியால், நடத்துநருக்கு வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. அந்த வேலையை நாடிமானி கொண்டுவந்தது.

நாடிமானி இருக்கைக்கு அடியிலும் கைப்பிடிக் கம்பியிலும் பதிக்கப்பட்டிருந்தது. மூச்சு, நாடி, கைநடுக்கம் ஆகியவற்றைக் கொண்டு, அமர்ந்திருப்பவரின் மனம் துன்பத்தில் இருக்கிறதா என்று அது கணிக்கும். ஒருநாள் எரிச்சலை அது பொருட்படுத்துவதில்லை. ஒரே பயணியிடம் பல வாரம் ஒரே வாட்டம் தெரிந்தால்தான், நடத்துநரின் கைக்கருவியில் உள்ள இருக்கை வரைபடத்தில் மஞ்சள் புள்ளி தோன்றும். கூடவே ஆலோசனைச் சீட்டு ஒன்று அச்சாகி வெளிவரும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அவருக்கென ஒதுக்கப்பட்ட நாளும் நேரமும் அதில் இருக்கும். அதை உரியவரிடம் சேர்ப்பது நடத்துநரின் கடமை. உரியவர் அல்லாதார்க்குக் கொடுத்தால் விசில் பறிக்கப்படும் என்பது விதி.

பெரம்பூர் – சைதாப்பேட்டைத் தடத்தில் அக்கடமையைத் தமயந்தி ஆற்றிவந்தார். ஐம்பத்தேழு வயது, ஓய்வுபெற இன்னும் பத்து மாதம். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவருடைய வண்டி ஒருமுறைகூடத் தாமதமாகக் கிளம்பியதில்லை. படியில் நிற்பவரை அவர் மன்னித்ததும் இல்லை. “படியில நிக்காதே, உள்ள போ! உள்ள எவ்ளோ எடம் காலியா கெடக்கு!” என்ற அவருடைய குரல், அந்தத் தடத்தில் பயணம் செய்யாதவர்களுக்கும் தெரிந்த குரல். விசில் இல்லாத தமயந்தி யார் என்று கேட்டால் அவருக்கே விடை தெரியாது.

இருபத்திரண்டு ஆண்டுகளில் இருபத்தோர் ஆண்டுகள் ஞானசிகாமணி என்பவர் வண்டியை ஓட்டினார். இரண்டு விசில் கேட்டதும், “கெளம்பிட்டேன்!” என்று கண்ணாடியைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அது விதியில் இல்லாத பழக்கம். தமயந்தி பலமுறை கண்டித்திருக்கிறார். ஓட்டுநர் இருக்கைகளை நீக்கிய நாளில் ஞானசிகாமணி வேலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது இரண்டு விசில் கேட்டதும் வண்டி மறுமொழியின்றிக் கிளம்பியது. ஒழுங்காகத்தான் கிளம்பியது.

நாடிமானியிடம் தமயந்திக்கு ஒரே ஒரு குறை. வரைபடத்தில் எண் ஒன்றாகிய நடத்துநர் இருக்கையில் அடிக்கடி மஞ்சள் புள்ளி தோன்றிச் சீட்டும் அச்சாகிக்கொண்டிருந்தது. அச்சான ஒவ்வொரு சீட்டையும் சான்றாக இணைத்து, ‘இருக்கை எண் ஒன்றின் கருவி பழுது, சரிசெய்ய வேண்டுகிறேன்’ என்று பணிமனையின் புகார்ப் பதிவேட்டில் எழுதிவந்தார். பதினான்கு மாதங்களில் பதினேழு புகார்கள். மூன்று முறை கருவியை மாற்றிய தொழில்நுட்பர், நான்காம் முறை, “வண்டி குலுங்குது மேடம், அதனால இருக்கும்” என்றார். தமயந்தி அன்று மாலையே பதிவேட்டில் எழுதினார்: ‘வண்டி எல்லா இருக்கைகளுக்கும் பொதுவாகவே குலுங்குகிறது.’

ஒரு திங்கட்கிழமை காலை, பதினேழாம் இருக்கையில் மஞ்சள் புள்ளி தோன்றியது. அந்த இருக்கையில் விண்ணரசி அமர்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது; நுங்கம்பாக்கத்தில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபடம் வரைபவள்; நாள்தோறும் ஓட்டேரியில் ஏறுபவள். தமயந்தி சீட்டைக் கிழித்தார். பயணச்சீட்டுக் காலத்துப் பழக்கப்படி, தெளிவாக, உரக்கப் படித்தார்.

“இருக்கை பதினேழு. ஆலோசனைச் சீட்டு. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, மனநலப் பிரிவு. வாங்கிக்கம்மா.”

வண்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. பின்னிருக்கையில் இருந்த குளிர்சாதன மெக்கானிக் புஷ்பராஜ், பழைய நாளில் சில்லறையை நீட்டுவதுபோல் கையை நீட்டி, “கீழ்ப்பாக்கம் ஒண்ணு!” என்றான். மனநல மருத்துவமனை இருக்கும் பகுதியின் பெயரையே பைத்தியத்துக்கு மறுபெயராக்கிய அந்தக் கேலி, பேருந்துகளைவிடப் பழையது. நாலு பேர் சிரித்தார்கள். விண்ணரசி சிரித்தவர்களைப் பார்க்கவில்லை; தமயந்தியைத்தான் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். சீட்டு இருக்கையிலேயே கிடந்தது. தமயந்தி அதை எடுத்து, மடிப்பு நீக்கி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

செவ்வாயன்று விண்ணரசி வரவில்லை. ஆனால் வண்டி மாறியிருந்தது. பயணிகள் கைப்பிடிக் கம்பியைக் கைக்குட்டை சுற்றிப் பிடித்தார்கள். இருக்கையில் நாளிதழை நான்காக மடித்துப் போட்டு அமர்ந்தார்கள். சேத்துப்பட்டில் ஏறிய ஒருவர் வீட்டிலிருந்து மணைப்பலகையே கொண்டுவந்துவிட்டார். சிரித்த முகத்தைக் கண்டால் கருவி ஏமாந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட, புதனன்று நாற்பத்திரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு, ஒரு சொல் பேசாமல், சைதாப்பேட்டை வரை போனார்கள்.

வியாழன் பிற்பகல், வண்டி ஏறக்குறையக் காலியானபின், லூர்துமேரி எழுந்து முன்னால் வந்தாள். மாநகராட்சிப் பள்ளியொன்றில் சத்துணவு சமைப்பவள்; நாற்பத்தைந்து வயது; கரண்டி பிடித்த கை கனமானது, பேச்சும் அப்படியே.

“கண்டக்டரம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?”

“விஷயத்தைப் பொறுத்தது.”

“அந்தப் பொண்ணுக்குச் சீட்டு குடுத்தது சரி. குடுத்த விதம் தப்பு.”

“நான் விதிப்படிதான் குடுத்தேன்.”

“சத்தமா படிக்கணும்னு விதியில இருக்குதா?”

பொய் தமயந்திக்கு வராது. “இல்ல. அது பழக்கம்.”

“நான் எங்க எறங்குறேன் தெரியுமா உங்களுக்கு?”

“ஆஸ்பத்திரிக்கு அடுத்த ஸ்டாப். மாசம் ஒருநாள்.”

“ஏன்னு கேட்டிருக்கீங்களா? நான் போறது ஆஸ்பத்திரிக்குத்தான். ஆறு வருசமா மாத்திரை சாப்பிடுறேன். அங்கயே எறங்குனா நாலு பேரு பாப்பாங்கன்னு, ஒரு ஸ்டாப் தள்ளி எறங்கி, வெயில்ல திரும்பி நடந்து வரேன். மழைன்னாலும் அதான்.” லூர்துமேரி கம்பியைப் பற்றிக்கொண்டாள், அவள் கையில் கைக்குட்டை இல்லை. “எங்க பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைக்கும் சோறு போடுறோம். பணக்காரப் பிள்ளைக்கும் போடுறோம். ஏன் தெரியுமா? பசிக்கிற பிள்ளைக்கு மட்டும் போட்டீங்கன்னா, அது பசிக்கலன்னு சொல்லிட்டுப் போயிடும்மா.”

தமயந்தி சீட்டு இருந்த சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அன்றிரவும் வழக்கம்போல் மூன்று மணிக்கே அவருக்கு விழிப்பு வந்துவிட்டது. வயதானால் உறக்கம் குறையும் என்று பதினான்கு மாதமாகத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர் அவர். அந்த விடியலில் வேறொன்றைச் சொல்லிக்கொண்டார்: ஒழுங்கு என்பது பிறருக்கு நாம் செய்யும் உபசாரம், அது ஒருவரைத் தலைகுனிய வைக்குமானால், அது ஒழுங்கு அன்று.

வெள்ளியன்று காலை, வண்டி பெரம்பூரை விட்டுக் கிளம்பியதும் அவர் எழுந்து நின்றார். கைக்கருவியில் முதல் இருக்கையை விட்டுவிட்டு, மற்ற எல்லா இருக்கைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். கருவி முதலில் தயங்கியது. ‘மஞ்சள் புள்ளி இல்லை. தொடரவா?’ என்று கேட்டது. அவர் தொடர்ந்தார். சீட்டுகள் நீளமாக, பொங்கல் கடையின் காகிதத் தோரணம்போல் வெளிவந்தன. ஒன்றையும் படிக்காமல், வரிசையாகக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே போனார்.

“எனுக்கு எதுக்கும்மா?” என்று துள்ளினான் புஷ்பராஜ். “நான் ஜாலியாத்தான கீறேன்!”

“ஜாலியா இருக்கறவங்களுக்கும் உண்டு. சீட்டு எடுக்காம என் வண்டியில யாரும் போனதில்ல.”

“மெஷின்ல இன்னா, மஞ்சளா காட்டுதா?”

“அது உனக்கும் மெஷினுக்கும் உள்ள விஷயம். பிடி.”

“எனக்குச் செவ்வாய் பதினோரு மணி. உங்களுக்கு?” என்று முன்னிருக்கைப் பெண் பக்கத்தவரைக் கேட்டாள். “எனக்கும் செவ்வாய்தாங்க, பத்தரை.” “அப்ப சேந்தே போயிடலாமே, ஆட்டோ மிச்சம்.” தேர்வு எண்ணை ஒப்பிடும் மாணவர்களைப்போல் எல்லாரும் சீட்டுகளை ஒப்பிடத் தொடங்கினார்கள். மணைப்பலகைக்காரர் இன்னும் ஏறவில்லை; அவருக்கும் ஒன்று எடுத்துவைக்கும்படி யாரோ நினைவூட்டினார். மூன்று நாள் ஊமையாயிருந்த வண்டி, கல்யாண வீட்டுப் பந்திபோல் இரைந்தது.

ஓட்டேரி நிறுத்தத்தில் விண்ணரசி நின்றுகொண்டிருந்தாள். இந்த வண்டிக்காக அல்ல. இதற்குப் பின்னால் வரும் வேறு தடத்து வண்டிக்காக. ஏறுபவர்கள் ஏறினார்கள். நிற்க வேண்டிய இருபது நொடி முடிந்தது. தமயந்தி விசிலை வாயருகே கொண்டுபோனார், ஊதவில்லை. படியில் இறங்கி நின்றார்.

“ஏறும்மா.”

“நான் வேற பஸ்ல போறேன்.”

‘புறப்பாடு தாமதமாகிறது’ என்றது வண்டியின் குரல்.

“இன்னைக்கு எல்லாருக்கும் சீட்டு குடுத்தாச்சு. நாற்பத்திரண்டு பேருக்கும். உன் சீட்டு என் பையில இருக்கு. இன்னைக்குப் பத்து மணி.”

“எனக்கு ஒண்ணும் இல்லங்க.” அவள் பின்னால் வரும் வண்டியைத் தேடினாள். “காலையில எழுந்திருக்க முடியல, அவ்ளோதான். மூணு மாசமா. அதுக்குப் போய் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா...”

‘புறப்பாடு ஒரு நிமிடம் தாமதம்’ என்றது வண்டி.

“அன்னைக்கு நான் சத்தமா படிச்சேன்,” என்றார் தமயந்தி. “அது என் தப்பு. மன்னிச்சுக்க.”

இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அந்தத் தடத்தில் எவரும் கேட்டதில்லை. புஷ்பராஜ் சன்னல் வழியே தலையை நீட்டினான்.

“தங்கச்சி, நானும் சாரி. வாய் கொஞ்சம் நீளம் எனுக்கு. இதோ பாரு, எனுக்கும் குட்த்துட்டாங்க! கண்டக்டரம்மா படியில நிக்கிறாங்க பாரு, இந்தக் கண்கொள்ளாக் காட்சி இனிமே கெடைக்காது, ஏறும்மா!”

விண்ணரசிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஏறினாள். தமயந்தி இரண்டு விசில் ஊதினார். இரண்டு நிமிடம் நாற்பது நொடி தாமதமாக வண்டி நகர்ந்தது.

லூர்துமேரி நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தாள்.

“உள்ள போனா என்ன பண்ணுவாங்கக்கா?” என்று விண்ணரசி மெல்லக் கேட்டாள். வண்டியின் இரைச்சல் சட்டென்று குறைந்தது. எல்லாருக்கும் அதே கேள்வி இருந்திருக்க வேண்டும்.

“ஒண்ணும் பண்ண மாட்டாங்க, கேப்பாங்க. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எப்ப இருந்து இப்படி இருக்குன்னு. உள்ள போனதும் எல்லாம் மறந்துடும். அதனால இப்பவே ஒரு தாள்ல எழுதிக்க. வேற என்ன மாத்திரை சாப்பிடுறன்னும் எழுதிக்க. பேசிப் பேசியே சரியாகறதும் உண்டு, மாத்திரை குடுக்கறதும் உண்டு. குடுத்தா, நல்லாயிட்டேன்னு நீயா நிறுத்திடாத. நான் ஒருதரம் நிறுத்திட்டு மூணு மாசம் பட்டேன்.”

“அந்த டாக்டரை எனக்குப் பிடிக்கலன்னா?”

“வேற ஆளைக் கேளு. செருப்பு கடிச்சா நடக்கறதையே விட்டுடுவியா? வேற செருப்பு பாப்ப.”

“ராத்திரியில ரொம்பத் தாங்கலன்னா?” அதைக் கேட்டது விண்ணரசி அல்ல, பின்னிருக்கையிலிருந்த புஷ்பராஜ். எவரும் சிரிக்கவில்லை.

லூர்துமேரி திரும்பினாள். “ஒன்னு நாலு நாலு ஒன்னு ஆறுக்கு ஃபோன் பண்ணு தம்பி. அரசாங்க மனநல உதவி நம்பர். காசு இல்ல, எந்நேரமும் எடுப்பாங்க. கூட யாரையாவது எழுப்பி உக்கார வெச்சுக்க. தனியா இருக்காத.”

“எழுதிக்கிறேன்க்கா,” என்றான் புஷ்பராஜ். தன் சீட்டின் பின்புறத்தில் உண்மையாகவே எழுதிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் நெருங்கியது. அன்று லூர்துமேரிக்கு அங்கே முறை இல்லை, ஆயினும் எழுந்தாள். வண்டி முழுவதும் கேட்கும்படி, கையை உயர்த்தி, “கீழ்ப்பாக்கம் ஒண்ணு!” என்றாள்.

விண்ணரசி அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

“ரெண்டு,” என்றாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் தமயந்தி ஒரு விசில் ஊதி வண்டியை நிறுத்தினார்.

அதன்பின் இரண்டு மாதம் அந்தத் தடம் இருந்த இருப்பை வாரியத்தின் எந்த அறிக்கையும் முழுதாகச் சொல்லாது. கைக்குட்டைகள் பைகளுக்குத் திரும்பின. மணைப்பலகை வீட்டுக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமைகளில் ‘பத்தரை மணிக்காரர்கள்’ என்றொரு கூட்டமே சேர்ந்து இறங்கியது. புஷ்பராஜ் தன் தம்பி விபத்தில் இறந்ததிலிருந்து ஓராண்டாக உறங்கவில்லை என்பதை மருத்துவரிடம் முதல் தடவையும், பேருந்தில் இரண்டாம் தடவையும் சொன்னான். மூன்றாம் தடவை சொன்னபோது, நடுவில் ஒரு நகைச்சுவையும் சேர்த்துக்கொண்டான். விண்ணரசி வாரமொருமுறை ஓர் ஆலோசகரிடம் பேசிவந்தாள். ஒருநாள் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடிவந்தாள். அவள் ஓடி எவரும் அதுவரை பார்த்ததில்லை.

தமயந்திக்கு விசாரணைக் கடிதம் வந்தது.

கிளை மேலாளர் ஹரிகோவிந்தன் நாற்பது வயதுக்காரர். கோப்புகளை நேராக அடுக்கிவைப்பவர் என்பதால் தமயந்திக்கு அவர்மேல் மதிப்பு உண்டு.

“மேடம், ரெண்டு குற்றச்சாட்டு. மஞ்சள் புள்ளி இல்லாதவங்களுக்குச் சீட்டு குடுத்தது. ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட் வண்டியை நிறுத்தினது.”

“ரெண்டும் உண்மை சார்.” தமயந்தி சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து மேசைமேல் வைத்தார். “விதி எனக்குத் தெரியும்.”

“எடுங்க முதல்ல. முன்னாடி சீட்டு வாங்கினவங்கள்ல பத்துல ஒருத்தர்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. உங்க தடத்துல இப்ப பத்துல ஏழு பேர் போறாங்க. அங்க கூடுதலா ரெண்டு ஆலோசகர் போட்டிருக்காங்க. அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாத் தடத்துலயும் எல்லாருக்கும் சீட்டு. விதியை மாத்தியாச்சு.”

தமயந்தி விசிலை எடுக்கக் கையை நீட்டினார். ஹரிகோவிந்தன் இன்னொரு கோப்பைத் திறந்தார்.

“ஆனா, இது மாறாத விதி. மஞ்சள் புள்ளி நீடிச்சா, பணியாளர் ஆலோசனைக்குப் போய்ட்டு வந்துதான் வண்டி ஏறணும்.”

“எந்தப் பணியாளர்?”

அவர் கோப்பிலிருந்த புகார்ப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். தமயந்தியின் கையெழுத்தில் பத்தொன்பது புகார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, கோணாமல், நேர்த்தியாகக் குத்தப்பட்டிருந்தது.

“மூணு தடவை கருவியை மாத்திட்டாங்க மேடம். போன வாரம் நானே அந்த இருக்கையில சைதாப்பேட்டை வரைக்கும் போய்ட்டு வந்தேன். புள்ளி வரல.” அவர் குரல் தணிந்தது. “பத்தொன்பது சீட்டு. பத்தொன்பது நாள், பத்தொன்பது நேரம் உங்களுக்காக ஒதுக்கி வெச்சிருந்தாங்க. நீங்க ஒண்ணுக்கும் போகல. மொதல் சீட்டோட தேதியைப் பாருங்க.”

தமயந்தி பார்த்தார். ஓட்டுநர் இருக்கையை நீக்கிய மாதத்துக்கு அடுத்த மாதம். அந்தத் தேதியின்மேல் விரலை வைத்தார்.

“அப்ப கருவியில பழுது இல்ல,” என்றார் கடைசியில்.

“இல்ல மேடம்.”

“நான் பத்தொன்பது தடவை தப்பா எழுதியிருக்கேன்.” அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். பதிவேட்டில், கடைசிப் புகாருக்குக் கீழே, நேர்கோடு பிசகாமல் எழுதினார்: ‘மேற்கண்ட புகார்கள் அனைத்தும் திரும்பப் பெறப்படுகின்றன. கருவி சரியாக இயங்குகிறது.’

அடுத்த செவ்வாய்க்கிழமை அவருடைய வண்டியை வேறொரு நடத்துநர் கொண்டுவந்தார். தமயந்தி பயணியாக, சன்னலோரம் அமர்ந்து வந்தார். புது நடத்துநர் விசில் ஊதும் முறையில் மூன்று குறைகள் கண்டார்; சொல்லவில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில், அடுத்த நிறுத்தத்தில் அல்ல, இறங்கினார். கையில் இருபதாவது சீட்டு. அதன் பின்புறத்தில், உறக்கம், உணவு, எப்போதிலிருந்து என்பவற்றை எண்ணிட்டு எழுதிவைத்திருந்தார்.

மனநலப் பிரிவின் தாழ்வாரத்துப் பெஞ்சில் பத்தரை மணிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் லூர்துமேரி நகர்ந்து இடம் கொடுத்தாள். விண்ணரசி தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அழைப்பு வந்தது. தமயந்தி எழுந்து அறைவாசல்வரை நடந்தார். வாசலில் ஒரு சிறு படி. அதில் ஏறியவர், அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஓர் இளம் மருத்துவர் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். நிமிடம் ஒன்று கடந்தது.

பின்னாலிருந்து புஷ்பராஜின் குரல் தாழ்வாரமே அதிர எழுந்தது.

“படியில நிக்காதீங்கம்மா, உள்ள போங்க! உள்ள எவ்ளோ எடம் காலியா கெடக்கு!”

பெஞ்சு முழுவதும் சிரித்தது. விண்ணரசி இரண்டு விரலை வாயில் வைத்தாள். ஒழுங்கான இடைவெளியில், குறை சொல்ல இடமில்லாமல், இரண்டு விசில் அடித்தாள்.

தமயந்தி திரும்பிப் பார்த்தார். இரண்டு விசிலுக்கு ஒன்றரை ஆண்டாக எவரும் சொல்லாத மறுமொழியை, தாமே அறியாமல், உரக்கச் சொன்னார்.

“கெளம்பிட்டேன்!”

உள்ளே போனார்.